ஆர்க்கெஸ்ட்ரா படைப்பைச் சிறிய காற்றுக்கருவிக் குழுவுக்கு மாற்றி எழுதியாயிற்று, ஒலி சரியில்லை: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

சிம்ஃபனியையோ ஓவர்ச்சரையோ எட்டுப் பத்துக் காற்றுக்கருவிகளுக்கு மாற்றி எழுதுபவர்களிடம் முதல் ஒத்திகை முடிந்ததும் கேட்டால், புகார்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மெலடி கேட்கவில்லை, அடியில் கலங்குகிறது, மூச்சு போதவில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. இவற்றையே திரும்பத் திரும்பச் சரிசெய்து வந்ததில் எனக்குக் கிடைத்த வரிசை இது. காதில் என்ன விழுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். பென்சிலால் முடிகிற வேலையை முதலிலும், உட்கார்ந்து திரும்ப எழுத வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

மொட்ஸார்ட்டின் 'செராலியோவிலிருந்து கடத்தல்' ஓபரா 1782 ஜூலை 16 அன்று வியன்னாவில் அரங்கேறியது. நாலே நாள் கழித்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், அதைக் காற்றுக்கருவிகளுக்கு மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். கருவிகளுக்கும் பொருந்த வேண்டும், மூலத்தின் விளைவும் குறையக் கூடாது, அது எவ்வளவு கடினம் என்று நம்ப மாட்டீர்கள் என்கிறார். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் விழும். ஒன்று, எழுதியது கருவிக்கு ஒத்துவரவில்லை. அல்லது சுரமெல்லாம் இருக்கிறது, விளைவு போய்விட்டது. எந்த வகை என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

குழு என்று நான் சொல்வது தலா இரண்டு ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன். சில இடங்களில் ஒரு ஃப்ளூட்டும், அடியில் ஒரு கான்ட்ரா பஸூனோ டபுள் பேஸோ சேரலாம். ஐந்து பேர் குவின்டெட் ஆனாலும் வழி இதுதான், இடுக்கு மட்டும் கூடுதல்.

## எதையும் மாற்றுவதற்கு முன்

போனைக் கண்டக்டர் நிற்கும் இடத்தில் வைக்காமல், கேட்பவர்கள் உட்காரும் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அப்புறம் மூல ஸ்கோரில் (எல்லாக் கருவிகளின் வரிகளும் சேர்ந்த தாளில்) கெட்ட பக்கத்தை எடுத்து, அங்கே உண்மையில் எத்தனை குரல்கள் என்று எண்ணுங்கள். இருபது வரி நிரம்பிய பக்கத்தில்கூட மெலடி, பேஸ், நடுவில் ஒன்றிரண்டு நிரப்புக் குரல், சில சமயம் ஓர் எதிர்மெலடி, அவ்வளவுதான் தேறும். மீதி எல்லாம் இரட்டிப்பு. அந்த நாலைந்து குரல்களைப் பியானோவுக்கு எழுதுவது போல இரண்டு மூன்று வரியில் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுருக்கம் இல்லாமல் ஸ்கோரிலிருந்து நேரே பார்ட்டுக்கு (ஒவ்வொரு வாசிப்பாளரின் தனித்தாளுக்கு) தாவினால் கீழே உள்ளவற்றில் பாதி தானாக வந்து சேரும்.

ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் சொல்லி வருகிறேன்: ஒலி கெட்டிருந்தால் முதலில் எதையாவது எடுத்துப் பாருங்கள். சேர்க்கும் ஆசை வரும். எட்டுப் பேரில் ஒருவரை நிறுத்தினால் அந்த இடம் தெளிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். புதிதாக ஒரு வரி சேர்த்தால் அதைச் சோதிக்க இன்னொரு ஒத்திகை வேண்டும்.

## அறிகுறி: மெலடி கேட்கவில்லை

### எல்லாரும் வாசிக்கும்போது மட்டும் மறைகிறது

மெலடி வாசிப்பவர் அப்படியே வாசிக்கட்டும், மற்றவர்கள் ஒரு படி மெதுவாக வாசிக்கட்டும். மெலடி மேலே வந்துவிட்டால் காரணம் குறிகளில் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரில் எல்லா வரிக்கும் ஒரே ஃபோர்டே (சத்தமாக) குறி போட்டிருக்கும், ஏனென்றால் அங்கே மெலடியை ஒரு கூட்டம் வயலின்கள் சுமக்கின்றன. உங்களிடம் இருப்பது ஒரே ஓபோ. மெலடிக்கு ஃபோர்டே, நிரப்புக் குரல்களுக்கு மெட்ஸோ ஃபோர்டே (ஓரளவு சத்தம்), ஹார்ன்களுக்கு இன்னும் ஒரு படி குறைவு என்று பார்ட்டுகளில் தனித்தனியாக எழுதுங்கள். ஹார்னை ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுவது பற்றிப் புத்தகம் எழுதிய ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் கணக்குப்படி ஃபோர்டேயில் ஒரு ஹார்ன் இரண்டு வுட்விண்டுக்கு (ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன் வகை) சமம். இரண்டு ஹார்ன்கள் முழு பலத்தில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்தால் நாலு வுட்விண்ட் சேர்ந்தாலும் மேலே வருவது கஷ்டம். மெதுவாக வாசிக்கும்போது இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். அதனால்தான் அமைதியான பக்கங்களில் வராத புகார் சத்தமான பக்கத்தில் வருகிறது.

குறிகளை மாற்றியும் சரியாகவில்லையா? மெலடிக்கு மேலே யாராவது நீண்ட சுரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கிளாரினெட் பாடும்போது அதற்கு மேல் ஓபோ ஒரு சுரத்தை இழுத்தால், காது ஓபோவிடம்தான் போகும். அந்தச் சுரத்தை மெலடிக்குக் கீழே இறக்குங்கள். இறக்க இடமில்லையென்றால் முழு பாருக்கும் (தாளக்கட்டத்துக்கும்) பிடிக்காமல் ஒரு பீட் ஒலித்துவிட்டு நிற்கட்டும். கார்டு என்னவென்று கேட்பவருக்கு அதற்குள் தெரிந்துவிடும்.

### தனியாக வாசித்தாலும் மெலிந்து கேட்கிறது

இது ரெஜிஸ்டர் கோளாறு, அதாவது கருவியின் எந்தச் சுரப்பகுதியில் எழுதியிருக்கிறோம் என்பதில் வந்தது. ஃப்ளூட்டின் கீழ் ஸ்தாயி அழகானது, ஆனால் பக்கத்தில் இன்னொருவர் மூச்சு விட்டாலே மறைந்துவிடும். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் நடு சி-க்கு மேலே எஃப் முதல் ஏ ஃப்ளாட் வரை ஒலிக்கும் சுரங்கள் மங்கலானவை, விரல்கள் ஏறக்குறைய எல்லாம் தூக்கியிருக்கும் இடம் அது. மெலடி அங்கேயே சுற்றினால் நல்ல வாசிப்பாளர்கூட அதைப் பிரகாசமாக்க முடியாது. ஓபோ நேர்மாறு: அடிச்சுரங்கள் தடித்துச் சத்தமாக வரும், மேலே போகப் போக மெலியும்.

அதே வரியை இன்னொரு கருவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நன்றாக வந்தால் ஆளை மாற்றுவதோடு வேலை முடிந்தது. வராவிட்டால் ஸ்தாயி விட்டு இரட்டியுங்கள்: ஓபோவுக்கு மேல் ஸ்தாயியில் ஃப்ளூட், கிளாரினெட்டுக்குக் கீழ் ஸ்தாயியில் பஸூன். ஒரே சுரத்தில் இரண்டு ஓபோவைச் சேர்ப்பது கடைசி யோசனையாக இருக்கட்டும். சத்தம் கொஞ்சம்தான் கூடும், சுருதித் தகராறு நிறையக் கூடும்.

### மூலத்தில் வயலின் எட்டும் உயரத்துக்கு யாரும் இல்லை

ஃப்ளூட் இல்லாத குழுவில் இது நிச்சயம் வரும். முழு வாக்கியத்தையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்குங்கள். எட்டாத நாலு சுரத்தை மட்டும் இறக்கினால் மெலடியின் நடுவில் பள்ளம் விழும், காது உடனே பிடித்துவிடும். இறங்குவதும் ஏறுவதும் வாக்கியம் முடியும் இடத்திலோ ஓய்வு வரும் இடத்திலோ நடக்க வேண்டும். இப்படி இறக்கியதால் படைப்பில் பல பக்கங்கள் மங்கிவிட்டன என்றால், ஒரு ஃப்ளூட் வாசிப்பாளரைச் சேர்ப்பதுதான் மருந்து. குழுவை மாற்றுவது செலவான முடிவுதான். ஆனால் அதைத் தவிர்க்க முழுப் படைப்பையும் நசுக்குவது அதைவிட மோசம்.

## அறிகுறி: அடியில் கலங்கலாக, கனமாக இருக்கிறது

இரண்டாவது பஸூனை நிறுத்திவிட்டு அதே இடத்தை வாசியுங்கள். தெளிந்தால் கார்டின் அடி நெருக்கமாக இருக்கிறது. நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யை ஓர் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஸ்தாயியும் ஐந்தாம் இடைவெளியும் போதும், மூன்றாம் இடைவெளியை மேலே ஏற்றிவிடுங்கள். பியானோ சுருக்கத்தின் இடக்கையை அப்படியே பஸூன்களுக்கும் இரண்டாம் ஹார்னுக்கும் பகிர்ந்தால் இந்தக் கலங்கல் வந்தே தீரும்.

தெளியவில்லை என்றால் கார்டின் மூன்றாம் சுரத்தை (சி-இ-ஜி கார்டில் இ) எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எட்டுப் பேரில் ஒருவர் போதும், மிஞ்சினால் இரண்டு பேர். மூலத்தில் எல்லா வரியிலும் அது இருந்ததே என்று நாமும் எழுதிவிடுவோம். அடர்த்தி என்று நினைத்துச் செய்வது, கேட்கும்போது அழுக்காகத் தெரியும்.

## அறிகுறி: பேஸ் இருக்கிறது, அஸ்திவாரம் இல்லை

ஸ்கோரில் செல்லோவும் டபுள் பேஸும் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தால், பேஸ் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அந்த வரியைப் பஸூனுக்குக் காப்பி அடித்தால் செல்லோ மட்டும்தான் வந்திருக்கிறது, அடியில் இருந்த ஸ்தாயி காணாமல் போய்விட்டது.

எளிய வழி, வாக்கியம் முடியும் இடங்களில் மட்டும் இரண்டாம் பஸூனை ஒரு ஸ்தாயி கீழே அனுப்புவது. பஸூனின் அடிச்சுரமான பி ஃப்ளாட், செல்லோவின் அடி சி-யைவிட ஒரு முழுச்சுரம்தான் கீழே, ஆகவே சில சுரங்களுக்குத்தான் இது நடக்கும். மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பஸூனின் கடைசி மூன்று நாலு சுரங்களை மெல்லத் தொடங்குவது மிகக் கடினம்.

அடுத்தது கான்ட்ரா பஸூன். பேத்தோவனின் ஏழாம் சிம்ஃபனியை 1816-ல் வியன்னாவில் ஸ்டைனர் ஒன்பது காற்றுக்கருவிகளுக்கு வெளியிட்டபோது அந்த ஒன்பதாவது கருவி அதுதான். கிடைக்காவிட்டால் ஒரு டபுள் பேஸ். காற்றுக்கருவிக் குழுவில் தந்திக் கருவியா என்று தயங்க வேண்டாம். மொட்ஸார்ட்டின் 'கிரான் பார்ட்டிட்டா'வில் பன்னிரண்டு காற்றுக்கருவிகளோடு ஒரு டபுள் பேஸ் இருக்கிறது. ட்வோர்ஷாக் 1878-ல் எழுதிய காற்றுக்கருவி செரினேடில் ஒரு செல்லோவும் உண்டு. டபுள் பேஸ் வந்தால் தந்தியை விரலால் மீட்டும் பிட்ஸிகாட்டோவும் கூடவே வந்துவிடுகிறது.

## அறிகுறி: மூச்சு போதவில்லை

### வாக்கியம் தப்பான இடத்தில் உடைகிறது

வயலின்காரருக்கு வில் திரும்பினால் போதும், மூச்சு தேவையில்லை. அதனால் மூலத்தில் ஸ்ட்ரிங்ஸ் வரிகள் முடிவே இல்லாமல் ஓடும். சோதனை ரொம்ப எளிது: எதிர்பார்க்கும் டெம்போவைவிடக் கொஞ்சம் மெதுவாக அந்த வரியை நீங்களே ஒரே மூச்சில் பாடிப் பாருங்கள். உங்களுக்கு எங்கே முட்டுகிறதோ அங்கே வாசிப்பவருக்கும் முட்டும்.

அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், இசை ஒத்துக்கொள்ளும் இடத்தில், மூச்சுக் குறி போடுங்கள். குறி இல்லாத பார்ட்டில் வாசிப்பாளர் தனக்கு முடியாதபோது மூச்சு எடுப்பார், அது பெரும்பாலும் பாரின் கோட்டில் வந்து விழும். இரண்டு பேர் ஒரே வரியை வாசித்தால், முதலாமவருக்கு ஓரிடத்திலும் இரண்டாமவருக்கு இரண்டு பார் தள்ளியும் குறி போடுங்கள். அவர்களாகவே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் இருவரும் ஒன்றாக மூச்சு எடுப்பார்கள்.

ஒருவரே வாசிக்கும் நீண்ட வரியைக் கை மாற்றுங்கள். ஓபோ முடிக்கும் சுரத்தையே கிளாரினெட் தொடங்கும் சுரமாக எழுதி, இருவரும் அந்த ஒரு பீட்டை மட்டும் சேர்ந்து வாசிக்க வேண்டும். தொடங்குபவர் ஒரு படி மெதுவாக உள்ளே வரட்டும். இதை நன்றாக எழுதினால் கருவி மாறியதே கேட்பவருக்குத் தெரியாது. அந்த ஒரு பீட் மேற்பொருந்தல் இல்லாமல் பார்க்கோட்டில் வெட்டிக் கொடுத்தால் ஒவ்வொரு கைமாற்றமும் ஓட்டையாகக் கேட்கும்.

ஓபோவைத் தனியாகக் கவனியுங்கள். அவருக்குக் காற்று தீர்ந்துபோகாது. ரீடு (வாயில் வைத்து ஊதும் நாணல் தகடு) வழியாக மிகக் குறைவாகவே போவதால் உள்ளேயே தேங்கிவிடும். முதலில் வெளியே விட்டு, பிறகு உள்ளே இழுக்க வேண்டும். சின்ன ஓய்வு அவருக்குப் போதாது.

### கடைசிப் பக்கங்களில் எல்லாரும் சோர்ந்துவிடுகிறார்கள்

முதல் வயலினை முதல் ஓபோவுக்கும் இரண்டாம் வயலினை முதல் கிளாரினெட்டுக்கும் என்று வரி வரியாகப் பெயர் மாற்றி எழுதிய ஸ்கோர்களில் இது வரும். ஒவ்வொரு பார்ட்டையும் எடுத்து ஓய்வு பார்களை எண்ணுங்கள். இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவையாவது எட்டு பார் முழு ஓய்வு இல்லாத பார்ட் உதட்டைக் கொல்லும். ஹார்னுக்கு இன்னும் தாராளமாக வேண்டும், குறிப்பாக உயரமான பகுதிக்கு முன்னால்.

திரும்ப வரும் பகுதிகளில் மெலடியை வேறொருவருக்குக் கொடுப்பதுதான் நல்ல மருந்து. ஓபோவுக்கு ஓய்வும் கிடைக்கும், நிறமும் மாறும். அதையும் செய்து இன்னும் தாங்கவில்லை என்றால் வெட்ட வேண்டியதுதான். திரும்ப வாசிக்கும் குறிகளை முதலில் நீக்குங்கள். பகுதிகளை வெட்டும் நிலை வந்தால், எந்த கீயிலிருந்து எந்த கீக்குப் போகிறோம் என்று அறிந்த அனுபவசாலி ஒருவரிடம் காட்டாமல் கத்தி வைக்காதீர்கள்.

## அறிகுறி: ஸ்ட்ரிங்ஸின் துடிப்பு சொதசொதவென்று வருகிறது

### வேகமான ஒரே சுரம்

மொட்ஸார்ட்டின் 40-ஆம் சிம்ஃபனி தொடங்கும்போது மெலடிக்கு முன்னாலேயே பிரிந்த வயோலாக்கள் எட்டாம் சுரங்களில் துடிக்கத் தொடங்கிவிடும். அந்தத் துடிப்பு இல்லாவிட்டால் மெலடிக்குப் பதற்றமே இல்லை. அதை இரண்டு கிளாரினெட்டுகளுக்கு நாக்கு வைத்து (ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டித் தொடங்கி) வாசிக்கும் சுரங்களாக எழுதினால் பத்து பாருக்குள் நாக்கு கனத்து, துடிப்பு பின்னால் இழுக்கும். ரீடு கருவிக்காரர்களில் இரட்டை நாக்கு சரளமாகப் போடுபவர்கள் குறைவு. ஃப்ளூட்காரருக்கு அது சாதாரணம்.

இரண்டு சுரங்களை எடுத்து, ஒருவர் மேலிருந்து கீழும் இன்னொருவர் கீழிருந்து மேலும் மாறி மாறி வாசிக்கும்படி இணைத்து எழுதுங்கள். ஒருவர் ஜி-யில் இருக்கும்போது மற்றவர் பி ஃப்ளாட்டில் இருப்பார், அடுத்த சுரத்தில் இடம் மாறிக்கொள்வார்கள். எந்தக் கணத்திலும் இரண்டு சுரமும் ஒலித்துக்கொண்டிருக்கும், நாக்குக்கு வேலையே இல்லை. கிளாரினெட்டின் கீழ்ப் பகுதியில் இது வயோலாவுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வரும்.

### ட்ரெமொலோ

ஸ்ட்ரிங்ஸ் ஒரு சுரத்தை வில்லால் மிக வேகமாக நடுக்கி வாசிப்பது இது. மேலே சொன்ன முறையே இங்கும் உதவும். கிளாரினெட்டில் கீழ் ரெஜிஸ்டரும் மேல் ரெஜிஸ்டரும் சந்திக்கும் எல்லையைத் தாண்டும் ஜோடிகளைத் தவிர்த்துவிடுங்கள், விரல்கள் எல்லாம் ஒன்றாக விழுந்து எழ வேண்டியிருக்கும். எந்த ஜோடி ஓடும், எது ஓடாது என்று புத்தகத்தில் தேடுவதைவிட உங்கள் கிளாரினெட்காரரைக் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. பல இடங்களில் ட்ரெமொலோவே தேவையில்லை, நீண்ட சுரத்தில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம் போதும்.

### பிட்ஸிகாட்டோ

எழுதியிருக்கும் நீளத்தைப் பாதியாக்கி ஸ்டாகாட்டோ (வெட்டி வாசிக்கும்) குறி போடுங்கள். பஸூனின் குட்டையான சுரம் இதற்கு ஏற்றது.

## அறிகுறி: எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒரே நிறமாக இருக்கிறது

தவறான சுரம் ஒன்றுகூட இருக்காது, சமநிலையும் நன்றாக இருக்கும், ஆனாலும் ஐந்து நிமிடத்தில் கேட்பவர் மனம் வேறெங்கோ போய்விடும். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே முக்கியமான கோளாறு இதுதான்.

மூல ஆசிரியர் ஸ்ட்ரிங்ஸ், வுட்விண்ட் என்ற இரண்டு நிறங்களை எதிரெதிரே வைத்து எழுதியிருப்பார். நாம் இரண்டையும் ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவருகிறோம். பேத்தோவன் ஏழாம் சிம்ஃபனியின் இரண்டாம் பகுதியை எடுங்கள். முதல் இரண்டு பாரில் ஓபோ, கிளாரினெட், பஸூன், ஹார்ன் சேர்ந்து ஒரு ஏ மைனர் கார்டைப் பிடித்து அப்படியே கரைய விடுகின்றன. அந்தக் கார்டு உங்கள் குழுவுக்கென்றே எழுதினது போல இருக்கும், மாற்றவே வேண்டாம். ஆனால் மூன்றாவது பாரில் வயோலா, செல்லோ, டபுள் பேஸ் மட்டும் அந்த நடையைத் தொடங்குகின்றன. மூலத்தில் அங்கே ஒரு கதவு மூடி இன்னொன்று திறக்கிறது. அதே எட்டுப் பேரும் தொடர்ந்து வாசித்தால் அது வெறும் மூன்றாவது பார்.

அங்கே நான் செய்வது இது. ஓபோக்களை முழுவதும் நிறுத்திவிடுவேன். பஸூன்கள், அடி ரெஜிஸ்டரில் கிளாரினெட்டுகள், கீழே டபுள் பேஸ் அல்லது கான்ட்ரா, இவ்வளவுதான். அடுத்த சுற்றில் மூலத்தில் இரண்டாம் வயலின்கள் நடையை எடுத்துக்கொள்ள, வயோலாவும் செல்லோவும் எதிர்மெலடி பாடும். அந்தப் பாட்டை ஒரு கிளாரினெட்டும் முதல் பஸூனும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடட்டும், நடை ஹார்னிடமும் மற்ற கிளாரினெட்டிடமும் போகட்டும். ஓபோ இன்னும் வாய் திறக்கக் கூடாது. மூன்றாம் சுற்றில் முதல் வயலின்கள் வரும் இடத்தில்தான் ஓபோ வருகிறது. அவ்வளவு நேரம் இல்லாமலிருந்த நிறம் என்பதால் அது வந்ததும் அறை மாறிப்போகும். அதற்கடுத்த சுற்றில் எட்டுப் பேரும்.

இதே முறை எந்தப் படைப்புக்கும் செல்லும். மூலத்தில் நிறம் மாறும் இடங்களை எல்லாம் சிவப்புப் பென்சிலால் குறியுங்கள். அந்த ஒவ்வோர் இடத்திலும் உங்கள் ஸ்கோரிலும் யாராவது உள்ளே வரவோ வெளியே போகவோ வேண்டும். குறித்த இடத்தில் ஆள் மாறவில்லை என்றால் அதுதான் நீங்கள் தேடிய கோளாறு. சில பகுதிகளை மூன்றே பேருக்கு எழுதத் துணியுங்கள். மூலத்தில் ஏற்கெனவே வுட்விண்ட் தனியாகப் பாடிய இடங்களையும் அப்படியே விடாதீர்கள். சுற்றிலும் ஸ்ட்ரிங்ஸ் இருந்ததால்தான் அங்கே அவை தனித்துத் தெரிந்தன. இப்போது அந்தத் தனிமையை அதற்கு முந்திய பாரில் ஆளைக் குறைத்து உண்டாக்க வேண்டும்.

## அறிகுறி: உச்சம் எழும்பவில்லை

உச்சத்துக்கு முந்தைய பக்கத்தைப் பாருங்கள், கோளாறு அங்கேதான் இருக்கும். ஆர்க்கெஸ்ட்ராவின் முழு பலம் உங்களுக்கு எப்படியும் வரப்போவதில்லை. கேட்பவர் காதில் விழுவது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்தான். முந்தைய பதினாறு பார்களின் குறிகளை ஒரு படி இறக்குங்கள். அதுவும் போதாவிட்டால் அங்கே ஹார்ன்களையும் மேல் ஸ்தாயியையும் பிடுங்கி வைத்து, உச்சத்தில் திருப்பிக் கொடுங்கள். அதன் பிறகு உச்சத்தின் கார்டைப் பரப்புங்கள்: அடியில் அகலம், நடுவில் ஹார்ன், மேலே நெருக்கம். டிம்பனி முரசு இருந்த இடம் வெறிச்சென்று கேட்டால், அதன் தாளத்தை இரண்டாம் ஹார்னுக்கும் பஸூனுக்கும் குட்டையான சுரங்களாகக் கொடுங்கள்.

## அறிகுறி: சுருதி சேரவில்லை

குறிப்பிட்ட ஒருவரின் ஒரே சுரம் எல்லா இடத்திலும் விலகினால் அரேஞ்ச்மென்டைத் தொடாதீர்கள். கருவியின் துளையை மூடும் பேட் சரியாக மூடாமலிருக்கலாம், ரீடு பழசாக இருக்கலாம். புது ரீடிலும் அப்படியே இருந்தால் கருவி பழுது பார்ப்பவரிடம் அனுப்புங்கள்.

சத்தம் ஏறும்போது மட்டும் பிரிந்தால் யார் யாரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஃப்ளூட் சத்தமாக ஊதினால் சுருதி ஏறும், கிளாரினெட் இறங்கும். இரண்டையும் ஒரே சுரத்தில் சேர்த்து ஒரு நீண்ட கிரெஷெண்டோ (படிப்படியாகச் சத்தம் ஏறுவது) எழுதினால், இருவரும் எவ்வளவு நல்ல வாசிப்பாளர்களாக இருந்தாலும் எதிரெதிரே இழுபடுவார்கள். ஒருவரை ஸ்தாயி மாற்றுங்கள் அல்லது கிரெஷெண்டோவின் பாதியில் ஒருவர் உள்ளே வரட்டும்.

நீண்ட கார்டு மட்டும் கரகரத்தால் மேஜர் கார்டின் மூன்றாம் சுரத்தைத் தேடுங்கள். பியானோவின் சுரத்தைவிட அது 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவு தாழ்ந்தால்தான் கார்டு சுத்தமாகப் பூட்டும். அந்தச் சுரத்தை உதட்டால் எளிதில் வளைக்க முடிந்த ரெஜிஸ்டரில் இருப்பவருக்குக் கொடுத்து, இது மூன்றாம் சுரம் என்று பார்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

## அறிகுறி: விரல்கள் தடுமாறுகின்றன

ஸ்ட்ரிங்ஸுக்கு வசதியான டி, ஏ, இ மேஜர் கீகள், எழுதிய சுரத்தைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும் பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு முறையே நாலு, ஐந்து, ஆறு ஷார்ப்பாகப் போய் நிற்கும். முதலில் ஏ கிளாரினெட் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதே டி மேஜர் அவருக்கு எஃப் மேஜர், இ மேஜர் ஜி மேஜர். செலவே இல்லை.

இல்லாவிட்டால் முழுப் படைப்பையும் அரைச்சுரம் இறக்கலாம் அல்லது ஏற்றலாம். இ மேஜரை இ ஃப்ளாட்டுக்கு இறக்கினால் பி ஃப்ளாட் கிளாரினெட் ஒரே ஒரு ஃப்ளாட்டோடு நிம்மதியாக இருக்கும், ஹார்னும் மகிழும். ஆனால் இறக்கிய உடனே எல்லைகளைச் சோதியுங்கள். ஓபோவின் கடைசிச் சுரம் நடு சி-க்குக் கீழே உள்ள பி ஃப்ளாட். அதைத் தொட்ட வரி இப்போது தரையில் இடிக்கும். மென்பொருளில் கீ மாற்றுவது ஒரு சொடுக்குதான், அதன் பின் ஷார்ப், ஃப்ளாட் எழுத்துகளைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதற்கு நேரம் பிடிக்கும்.

## அறிகுறி: கம்ப்யூட்டரில் நன்றாக இருந்தது, அறையில் இல்லை

மென்பொருளின் ஃப்ளூட் மூச்சு எடுப்பதில்லை, அதன் அடிச்சுரம் ஹார்னுக்கு மேலே கேட்கும்படி கலக்கப்பட்டிருக்கும். சுரப் பிழையைக் கண்டுபிடிக்க அந்த ஒலியைப் பயன்படுத்துங்கள். சமநிலையை அதில் முடிவு செய்யாதீர்கள். ஸ்கோரைப் பார்த்தே நிஜ ஒலியை மனதில் கேட்கத் தெரியாதவர்கள், முழுதும் எழுதி முடிக்கும் முன்பே முதல் முப்பது நாற்பது பார்களை வாசிப்பாளர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

## அறிகுறி: ஒருவரிடம் மட்டும் தொடர்ந்து தவறான சுரங்கள்

பெரும்பாலும் மூல ஸ்கோரைப் படித்ததில் வந்த பிழை. ஹார்ன் டி-யில் எழுதப்பட்டதா இ ஃப்ளாட்டிலா என்று பகுதிக்குப் பகுதி மாறும், பக்க ஓரத்தில் சின்னதாகப் போட்டிருக்கும். பழைய ஸ்கோர்களில் ஹார்ன் பேஸ் கிளெஃபில் (கீழ்ச் சுரங்களுக்கான வரிக்குறியில்) இறங்கும்போது வழக்கத்தைவிட ஒரு ஸ்தாயி கீழே எழுதப்பட்டிருக்கும். பேஸ் கிளாரினெட் ட்ரெபிள் கிளெஃபில் இருந்தால் ஒன்பதாம் இடைவெளி கீழே ஒலிக்கும், பேஸ் கிளெஃபில் இருந்தால் பெரும்பாலும் ஒரு முழுச்சுரம் மட்டும். பிழை சீராக ஒரே இடைவெளியில் இருந்தால் காரணம் இதுதான். அங்கங்கே சிதறியிருந்தால் தட்டச்சுப் பிழை. கச்சேரிக்கு நாள் நெருங்கி, பார்ட்டுகளில் இரண்டும் கலந்து கிடந்தால் பார்ட்டுகளைப் படியெடுத்துச் சரிபார்க்கும் தொழில்முறை காப்பியிஸ்ட் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் எட்டுப் பேரின் ஒத்திகை நேரத்தைவிட மலிவு.

## அறிகுறி: கச்சேரி தேதி குறித்தாயிற்று, அனுமதி வரவில்லை

இதில் மாற்றி எழுதி ஒன்றும் செய்ய முடியாது. பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் ஒப்பந்தப்படி பொதுவாக ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டு வரை உரிமை இருக்கும், பல நாடுகளில் 70 ஆண்டு. மொட்ஸார்ட், பேத்தோவன், 1918-ல் இறந்த டெபுஸி ஆகியோர் படைப்புகளுக்கு இது தடையாக இராது. 1975-ல் இறந்த ஷொஸ்டகோவிச் படைப்பை 70 ஆண்டு விதி உள்ள நாட்டில் அனுமதியில்லாமல் மாற்றி எழுத முடியாது. பழைய படைப்பானாலும் புதிய பதிப்பின் திருத்தங்களுக்குத் தனி உரிமை இருக்கலாம், அதனால் பழைய அச்சுப் பதிப்பிலிருந்து வேலை செய்வது பாதுகாப்பு.

அனுமதி வேண்டிய படைப்பு என்றால் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு முதல் பாரை எழுதும் முன்பே கடிதம் போகட்டும். எந்தப் பகுதிகள், எத்தனை கருவிகள், எத்தனை கச்சேரி, பதிவு செய்வீர்களா, பார்ட்டுகளை வேறு குழுவுக்குக் கொடுப்பீர்களா என்று எல்லாவற்றையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். மறுத்துவிட்டால் வாதாடிக்கொண்டிருக்காமல், உரிமைக் காலம் முடிந்த வேறொரு படைப்புக்கு நிகழ்ச்சி நிரலை மாற்றிக்கொள்ளுங்கள். பதில் இழுபட்டால், தேதிக்கு எத்தனை வாரம் முன்பு வரை காத்திருக்கலாம் என்று வாசிப்பாளர்களோடு பேசி, அந்த மாற்றுப் படைப்பின் பார்ட்டுகளை இப்போதே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.